ஒரே ஆட்கள், மூன்று அளவீடுகள்: கோஸ்டாரிகா கஞ்சா ஆய்வு

இருபது, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கஞ்சா புகைத்தால் மூளைக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு தரப்பும் பல நேரம் ஒரே ஆய்வைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் 1973-ல் தொடங்கிய ஆய்வு அது. ஒன்றும் ஆகாது என்பவர்கள் அதன் முதல் முடிவைக் காட்டுவார்கள். நினைவாற்றல் கெடும் என்பவர்கள் அதே ஆய்வின் தொடர்ச்சியாக 1996-ல் வெளியான முடிவைக் காட்டுவார்கள். இரண்டும் அக்கறையோடு செய்யப்பட்ட வேலை. அப்படியானால் நடுவில் என்ன மாறியது?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முடிவு தவறில்லை. அன்று கையில் இருந்த சோதனைகளுக்கு வித்தியாசம் அகப்படவில்லை, அவ்வளவுதான். அதைத் தீங்கே இல்லை என்று படித்தவர்கள் ஒரு பக்கம் தவறினார்கள். கடைசி முடிவைக் கஞ்சா மூளையை அழிக்கிறது என்று படிப்பவர்கள் இன்னொரு பக்கம் தவறுகிறார்கள்.

அமெரிக்கா ஏன் அங்கே போனது

1960-களின் கடைசியில் அமெரிக்க இளைஞர்களிடையே கஞ்சா வேகமாகப் பரவியது. மருத்துவ உலகம் பதறியது. கஞ்சா புகைப்பவர் ஊக்கம் இழந்து முடங்கிவிடுவார் என்ற கருத்து 1968-ல் எழுத்தில் வந்தது. 1971-ல் பிரிட்டனில் 10 இளைஞர்களின் மூளைப் படங்களை வைத்து மூளை சுருங்குகிறது என்று லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் வேறு போதைப்பொருட்களையும் எடுத்தவர்கள் என்பது அந்தப் பரபரப்பில் அடிபட்டுப் போனது. (1977-ல் சி.டி. ஸ்கேன் வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகளில் அந்தச் சுருக்கம் தென்படவில்லை.) 1974-ல் ஆண்களின் பாலியல் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைகிறது என்று இன்னொரு அறிக்கை.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் ஆள் இல்லை. அங்கே புகைத்தவர்கள் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள், பழக்கம் சில ஆண்டுதான். நீண்டகால விளைவைப் பார்க்க வேண்டுமானால் கஞ்சா தலைமுறைகளாகப் புழங்கும் ஊருக்குத்தான் போக வேண்டும். அமெரிக்க அரசின் ஆய்வு நிதி முதலில் ஜமைக்காவுக்குப் போனது, பிறகு கோஸ்டாரிகாவுக்கு. ஏறக்குறைய அதே காலத்தில் கிரீஸில் ஹஷீஷ் (கஞ்சாப் பிசின்) புகைக்கும் 47 பேரை வைத்தும் ஓர் ஆய்வு நடந்தது.

ஜமைக்காவைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோஸ்டாரிகா ஆய்வின் வடிவம் அங்கேதான் உருவானது. 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு அந்தத் தீவுக்குப் போன செடி அது. பெயரும் கூடவே போனது. இன்றும் அங்கே அது கஞ்சாதான். மானிடவியலாளர்கள் வேரா ரூபின், லாம்ப்ரோஸ் கொமிட்டாஸ் இருவரும் மேற்கிந்தியப் பல்கலைக்கழக மருத்துவர்களோடு சேர்ந்து 1970 முதல் 1972 வரை வேலை செய்தார்கள். கஞ்சா புகைக்கும் 30 தொழிலாளர்கள், ஒப்பீட்டுக்கு 30 பேர். எல்லோரையும் ஆறு நாள் மருத்துவமனையில் தங்கவைத்து ரத்தம், நுரையீரல், மூளை மின்னலை, அறிவுத்திறன் என்று சோதித்தார்கள். புகைப்பவர்களின் பழக்கம் சராசரியாக 17 ஆண்டுக்கு மேல். பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கஞ்சா சோம்பேறியாக்கும் என்பது பேராசிரியர்களின் கவலை. ஜமைக்காத் தொழிலாளியோ, வேலை செய்ய உடம்பில் தெம்பு வரத்தான் புகைக்கிறேன் என்றார். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஆய்வாளர்கள் வயலுக்குப் போனார்கள். மலைப்பகுதி விவசாயிகள் வேலை செய்வதைப் படம்பிடித்து, மூச்சில் செலவாகும் ஆக்சிஜனையும் அளந்தார்கள். புகைத்த பிறகு உடல் அசைவும் சக்திச் செலவும் கூடின, முடித்த வேலையின் அளவு குறைந்தது. ஆக, கடுமையாக உழைத்தேன் என்று அந்த விவசாயி சொன்னது பொய்யில்லை. அப்புறம் மானிடவியலாளர் மெலனி டிரெஹர் கரும்பு வெட்டுபவர்களைப் பார்த்தபோது, புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் வெட்டிய அளவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வகத்துக்குள்ளேயே இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது.

நண்பராகி, பிறகு சோதித்தது

கோஸ்டாரிகா ஆய்வை நடத்தியது அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு. மானிடவியலாளர்கள் வில்லியம் கார்ட்டர், பால் டௌட்டி தலைமை. பிரையன் பேஜ், வில்லியம் ட்ரூ போன்றவர்கள் களத்தில் இருந்தார்கள். உளவியல் சோதனைகள் பால் சாட்ஸ், ஜாக் ஃபிளெட்சர் பொறுப்பு. ஜமைக்காவைவிடக் கோஸ்டாரிகாவில் படிப்பறிவும் பொது மருத்துவ வசதியும் அதிகம். எழுத்துப் பழக்கம் உள்ளவர்களிடம் சோதனைத் தாள் கொடுத்தால் வரும் மதிப்பெண்ணை நம்பலாம் என்பது ஒரு காரணம்.

கஞ்சா அங்கே சட்டவிரோதம். முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர் வந்து எத்தனை ஆண்டாகப் புகைக்கிறாய் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? அதனால் மருத்துவர்களுக்கு முன்னால் மானிடவியலாளர்கள் போனார்கள். தெருமுனை, மதுக்கடை, பட்டறை என்று ஆட்கள் கூடும் இடங்களில் பழகினார்கள். வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதினார்கள். 84 பேர் புகைப்பவர், 156 பேர் புகைக்காதவர் என்று 240 ஆண்கள் முதல் வட்டத்தில் வந்தார்கள். அதிலிருந்து 41 புகைப்பவர்களைத் தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் வயது, படிப்பு, திருமண நிலை, தொழில், குடிப்பழக்கம், புகையிலைப் பழக்கம் எல்லாம் ஒத்துப்போகும் ஒரு புகைக்காதவரை இணையாகப் பிடித்தார்கள். ஆளுக்கு ஆள் இப்படிப் பொருத்துவது பெரும்பாடு. குடிக்கும் அளவு வரை பொருந்த வேண்டுமானால் அந்த ஆளை உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த 41 பேரின் பழக்கம் சராசரியாக 17 ஆண்டு. நாளுக்கு ஒன்பது, பத்து சுருட்டு. அமெரிக்க ஆய்வுகளில் அன்று அதிகமாகப் புகைப்பவர் என்று எண்ணப்பட்ட மாணவர்கள் இவர்களுக்குப் பக்கத்திலேயே வரமாட்டார்கள்.

உடல் பரிசோதனை, நுரையீரல், கண், தூக்கத்தின்போது மூளை மின்னலை, ஹார்மோன் எல்லாம் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று கிளம்பிய பயத்துக்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அறிவுத்திறன், நினைவு, கைத்திறன், ஆளுமை சோதனைகளிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. 1970-களின் நடுவில் கட்டுரைகளாகவும் 1980-ல் நூலாகவும் இது வெளியானது.

முதல் முடிவில் விட்டுப்போனவை

இங்கே நின்று யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எண்ணிக்கை முதல் விஷயம். 41 இணைகளை வைத்து நடுத்தர வித்தியாசத்தைப் பிடிக்கலாம். புள்ளியியலில் சிறியது என்று வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வித்தியாசம், அதாவது திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவில்) ஐந்தில் ஒரு பங்கு, இதில் நழுவிவிடும். இரண்டு தனிக் குழுக்களாக ஒப்பிட்டு அதைப் பத்தில் எட்டு முறையாவது பிடிக்க வேண்டுமானால் பக்கத்துக்கு ஏறக்குறைய 400 பேர் தேவை. பெரிய கண் சல்லடையில் ரவை தங்கவில்லை என்பதால் ரவையே இல்லை என்று சொல்ல முடியாது.

அடுத்தது, நீண்டகாலம் புகைப்பவர் என்ற குழுவில் யார் இருப்பார்கள் என்பது. முதல் தடவையே பயந்துபோய் நிறுத்தியவர் இதில் வரமாட்டார். மனநலம் பாதித்து விட்டுவிட்டவரோ மருத்துவமனையில் இருப்பவரோ வரமாட்டார். ஜமைக்காவில் இதை அந்த மக்களே வெளிப்படையாகச் சொன்னார்கள்: கஞ்சா எல்லோர் தலைக்கும் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளாதவன் விட்டுவிடுவான். பதினேழு ஆண்டு தாக்குப்பிடித்தவர்களைச் சோதித்தால், ஒத்துக்கொண்டவர்களின் நிலை மட்டும்தான் தெரியும். மனச்சிதைவு பற்றிய முக்கியமான எச்சரிக்கை இந்த வகை ஆய்வுகளில் வராமல், 1987-ல் ஸ்வீடனில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களின் பதிவுகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் வந்தது தற்செயல் இல்லை. 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் அதில் ஆறு மடங்காக இருந்தது. பிற காரணிகளைக் கணக்கில் எடுத்ததும் அந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. அப்படிப்பட்ட அரிதான நோய் 41 பேரில் தலைகாட்ட வாய்ப்பே குறைவு.

நுரையீரல் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். புகையிலைப் பழக்கத்தைப் பொருத்தியது சரியான முறைதான். ஆனால் இரண்டு பக்கமும் புகையிலை புகைக்கும்போது அதன் பாதிப்பு ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் கஞ்சாப் புகை சேர்க்கும் சிறு பங்கைத் தனியாகப் பார்ப்பது கடினம்.

மற்றொன்று, எந்தச் சோதனை என்பது. எகிப்தில் உளவியலாளர் மொஸ்தஃபா சூயிஃப் சிறைகளில் இருந்த 850 ஹஷீஷ் பயனாளிகளையும் 839 மற்றவர்களையும் சோதித்து, வேகம், நினைவு ஆகியவற்றில் பின்னடைவு கண்டார். அதில் ஒரு நுட்பமான செய்தி இருந்தது. படித்தவர்கள், நகரவாசிகள், இளையவர்களிடம் வித்தியாசம் பெரிதாக இருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் சிறிதாக இருந்தது. அடிப்படை மதிப்பெண்ணே தாழ்வாக இருந்தால் அதற்குக் கீழே இறங்க இடமில்லை என்று அவர் விளக்கினார். அவருடைய முறையில் குறைகளை எடுத்துச் சொன்னவர்களில் சாட்ஸும் ஃபிளெட்சரும் உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வி நிற்கிறது: இந்தச் சோதனை இந்த மனிதர்களிடம் எதைப் பிடிக்கும் அளவுக்குக் கூர்மையானது?

மறுபடி தேடிப்போனது

1980-களில் பேஜ், ஃபிளெட்சர், ட்ரூ மூவரும் சான் ஹோசேக்குத் திரும்பினார்கள். இந்த ஆய்வின் பெரிய செல்வம் அந்தப் பழைய பழக்கம்தான். நிலையான முகவரி இல்லாத ஆட்களைக்கூட, அவர்கள் எங்கே உட்காருவார்கள், யாருக்குத் தெரியும் என்று அறிந்தவர்களால் மட்டுமே பத்து ஆண்டு கழித்துக் கண்டுபிடிக்க முடியும். 41 புகைப்பவர்களில் 27 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 30 பேர் கிடைத்தார்கள்.

பழைய சோதனைகளைத் திரும்பவும் கொடுத்தார்கள். பழைய முடிவே வந்தது, வித்தியாசம் இல்லை. இது சின்ன விஷயமல்ல. முதல் முடிவு கைதவறி வந்ததல்ல என்பதற்கு இதுவே சான்று. அதோடு, இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்திருந்த புதிய சோதனைகளையும் சேர்த்தார்கள். ஒரு சொற்பட்டியலைக் கேட்டு, சிறிது நேரத்தில் திரும்பச் சொல்வது. மறந்த சொற்களை மட்டும் நினைவூட்டிக்கொண்டே மறுபடி மறுபடி கேட்பது. சலிப்பூட்டும் ஒரு வேலையில் நீண்ட நேரம் கவனம் சிதறாமல் இருப்பது. இவற்றில் புகைப்பவர்கள் பின்தங்கினார்கள். 1988-ல் இது வெளியானது.

ஒரே சுற்றில், ஒரே ஆட்களிடம், பழைய தாள் வித்தியாசம் இல்லை என்கிறது, புதிய தாள் இருக்கிறது என்கிறது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பெறுமதியானது இந்த இடம்தான். மனிதர்கள் கெட்டுப்போனதால் முடிவு மாறியிருந்தால் பழைய சோதனைகளிலும் சரிவு தெரிந்திருக்கும். மாறியதில் பெரும்பங்கு அளவுகோலுக்கு உண்டு.

மூன்றாவது சுற்று 1996-ல் வெளியானது. இந்தத் தடவை கட்டுப்பாடு கடுமை. சோதனைக்கு முன் 72 மணி நேரம் கஞ்சாவைத் தொடக் கூடாது. அதை மீறியதாகப் பரிசோதனையில் தெரிந்தவர்களும் பல போதைப்பொருள் எடுப்பவர்களும் நீக்கப்பட்டார்கள். 1973 முதல் பார்த்துவந்தவர்களில் 17 புகைப்பவர், 30 புகைக்காதவர் மிஞ்சினார்கள். வயது சுமார் 45, பழக்கம் சராசரி 34 ஆண்டு. புதிதாக ஓர் இளைய குழுவும் சேர்க்கப்பட்டது: 37 புகைப்பவர், 49 புகைக்காதவர், வயது சுமார் 28, பழக்கம் சராசரி 8 ஆண்டு. மூத்தவர்களில் புகைப்பவர்கள் இரண்டு சொற்பட்டியல் சோதனைகளிலும், கவனத்தைப் பிரித்துச் செலுத்தும் வேலைகளிலும் பின்தங்கினார்கள். இளையவர்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

34 ஆண்டு என்றால் எதன் விளைவு?

நீண்டகாலப் பழக்கம் நினைவைத் தேய்க்கிறது என்பது நேரடியான வாசிப்பு. ஆய்வாளர்களும் அதைத்தான் முன்வைத்தார்கள், ஆனால் தொடர்பு என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்குப் போட்டியாக நிற்பது உடலில் மிஞ்சியிருக்கும் டி.எச்.சி. என்ற விளக்கம். கஞ்சாவின் போதைக்குக் காரணமான அந்தப் பொருள் கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும். 2001-ல் அமெரிக்காவில் ஹாரிசன் போப் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. கடுமையாகப் புகைத்தவர்கள் விட்ட ஏழாம் நாள் வரை சொற்பட்டியலில் பின்தங்கினார்கள், 28-ஆம் நாள் அந்த வித்தியாசம் காணவில்லை. அதோடு பார்த்தால் கோஸ்டாரிகாவின் 72 மணி நேரம் போதவே போதாது. ஆனால் அங்கே இளையவர்களுக்கும் அதே 72 மணி நேரம்தான், அவர்களிடம் வித்தியாசம் வரவில்லை. ஆகவே மிச்சமிருந்த டி.எச்.சி. மட்டும் காரணம் என்று தள்ளிவிட முடியாது. மூத்தவர்களின் உடலில் சேர்ந்திருந்தது அதிகம் என்று வேண்டுமானால் வாதிடலாம்.

இன்னொரு விளக்கம் ஆய்வின் எண்களுக்குள்ளேயே இருக்கிறது. 45 வயதில் 34 ஆண்டுப் பழக்கம் என்றால், தொடக்கம் சுமார் 11 வயதில். 28 வயதில் 8 ஆண்டு என்றால் சுமார் 20 வயதில். சராசரிகளைக் கழித்து வரும் கணக்கு இது, ஒவ்வொருவருக்கும் பொருந்தாது. ஆனாலும் இரண்டு குழுக்களுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கு மட்டும் வேறுபடவில்லை, தொடங்கிய வயதும் வேறுபடுகிறது. ஒரு கூட்டம் மூளை வளர்ந்துகொண்டிருக்கும் சிறுவயதில் தொடங்கியது, மற்றது வளர்ந்த பிறகு. எதைக் குற்றவாளி என்பது?

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு இதே கேள்வியைத் தொட்டது. பதின்ம வயதில் தொடங்கி விடாமல் தொடர்ந்தவர்களின் நுண்ணறிவு எண் 38 வயதுக்குள் சராசரியாக 8 புள்ளி இறங்கியதாகவும், வளர்ந்தபின் தொடங்கியவர்களிடம் அப்படிப்பட்ட இறக்கம் இல்லை என்றும் மேடலின் மையர் குழு 2012-ல் எழுதியது. குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலையே இதை விளக்கிவிடும் என்று அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. 2016-ல் வெளியான இரட்டையர் ஆய்வில், புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறந்த இரட்டையருக்கும் இறக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது வீடும் மரபும் கஞ்சாவின் பெயரில் எழுதப்படலாம். சான் ஹோசேயில் 11 வயதில் தெருவில் புகைக்கத் தொடங்கிய பையனின் வீடும் பள்ளியும் எப்படி இருந்திருக்கும்? படித்த ஆண்டுகளைப் பொருத்தலாம், குழந்தைப் பருவத்தைப் பொருத்த முடியாது.

என் தீர்ப்பு இதுதான்: சொற்பட்டியல் நினைவில் ஒரு பின்னடைவு உண்மையில் இருக்கிறது, அது சிறியது, ஆண்டுகளோடு சேர்ந்து வருகிறது. இப்படிச் சொல்லக் கோஸ்டாரிகா மட்டும் போதாது. அமெரிக்காவில் இதயநோய்க்காக 1985-ல் தொடங்கி 5,115 பேரைப் பின்தொடர்ந்த கார்டியா ஆய்வு, 25 ஆண்டு கழித்து அவர்களில் 3,385 பேரின் நினைவைச் சோதித்தது. 15 சொற்கள் கொண்ட பட்டியலில், ஐந்து ஆண்டுப் பழக்கத்துக்கு இரண்டு பேரில் ஒருவர் ஒரு சொல்லைக் குறைவாகச் சொன்னார் என்ற அளவு வித்தியாசம் 2016-ல் வெளியானது. வேகத்திலும் திட்டமிடும் திறனிலும் அப்படி எதுவும் உறுதியாக வரவில்லை. வேறு நாடு, வேறு வர்க்கம், வேறு நோக்கத்துக்குத் தொடங்கிய ஆய்வு, ஆனாலும் அதே சொற்பட்டியலில் வந்து நிற்கிறது. இது தற்செயலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது.

பழக்கத்தைக் கைவிட்டால் அந்தச் சொற்கள் திரும்புமா என்பது 34 ஆண்டுக்காரர்களிடம் சோதிக்கப்படவில்லை. போப்பின் 28 நாள் கணக்கு வேறு ஆட்களுடையது. மருத்துவர்கள் நோயாளிக்கு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய விடை இந்த இடத்தில்தான் தேவை, இங்கேதான் தரவு மெலிந்து கிடக்கிறது.

இன்றைய சரக்கும் அன்றையது இல்லை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டி.எச்.சி. அளவு 1995-ல் சுமார் 4 சதவீதம், 2014-ல் சுமார் 12 சதவீதம். அந்த 41 பேரின் அனுபவத்தை இன்றைக்குப் புகைப்பவருக்கு அப்படியே ஆறுதலாகக் கொடுப்பது நியாயமில்லை.

கோஸ்டாரிகாவில் இல்லாமல் போன ஒன்று, புகைக்கத் தொடங்கும் முன் எடுத்த அளவீடு. அந்த 41 பேரும் 11, 12 வயதில் எப்படி இருந்தார்கள் என்ற பதிவு இருந்திருந்தால் மேலே சொன்ன சண்டையில் பாதி தீர்ந்திருக்கும். அந்தக் குறையை நிரப்பத்தான் அமெரிக்காவில் 21 மையங்களில் ஒரு ஆய்வு நடக்கிறது. 9, 10 வயதுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 11,900 பேரைச் சேர்த்து, எந்தப் போதைப்பழக்கமும் தொடங்கும் முன்னரே மூளைப் படம், நினைவுச் சோதனை எல்லாம் எடுத்துவிட்டார்கள். சேர்க்கை 2018-ல் முடிந்தது. அந்தப் பிள்ளைகள் சான் ஹோசேயின் மூத்த குழுவைப் போல 45 வயதைத் தொடும்போது 2050-கள் பிறந்திருக்கும். அதுவரை பின்தொடர நிதி வேண்டும், ஆட்களைக் கைவிடாமல் தேடிப்போகிற, பேஜைப் போன்றவர்களும் வேண்டும்.